நஞ்சன் பொணமாப் படுத்த மத்தியானம்

உக்காருங்க, உக்காருங்க. நிக்கறவங்க உக்காருங்க, பேசறவங்க பேச்ச நிறுத்துங்க, பின்னால சிப்ஸ் நொறுக்கற புள்ளைக வாயிலயே ஊற வச்சு முழுங்குங்க. பொணத்தப் படுக்க வச்சாச்சு. நெஜப் பொணமில்லீங்க, பயந்துக்க வேண்டாம், நம்ம ஊஞ்சப்பதி நஞ்சன்தான். காலேஜ் ஆடிட்டோரியத்துல, மேட மேல, கோரப்பாயில மல்லாக்கக் கெடக்கறான். தலைக்கு மேல லைட்டு, பின்னால பேனரு. பழங்குடியினர் மரபு வாரம்னு கொட்ட கொட்டயா எழுத்து, அதுக்குப் பக்கத்துல தலைல இறகு சொருகிக்கிட்டு ஒரு ஆளு மொறைக்கறான். அவன் எந்த தேசத்து மாமனோ, ஊஞ்சப்பதில ஆரும் பாத்ததில்ல. ‘ஏனுங் மேடம், இவரு எந்த மலைங்க, பொண்ணு கிண்ணு இருந்தாக் கேட்டுப் பாக்கலாம்’னு காலைலயே நஞ்சன் கேட்டான். ஹேமலதா மேடம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அவங்கதான் இந்த விழாவுக்குப் பொறுப்பு, பதிக்கு, அதான் நஞ்சனோட மலையூருக்கு, நடையா நடந்து எல்லாரையும் கூட்டிட்டு வந்தவங்க. நல்ல மனசு. இட்லி சூடா இருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் தட்டுல வச்சாங்க. நல்லவங்க முன்னால சிரிக்காம இருந்தாப் பாவம்னு நஞ்சனும் சிரிச்சான். சிரிப்பு வருது. நக்கலும் வருது. குழாய மூடுன பொறவும் சித்த நேரம் சொட்டுமே, அந்த மாதிரி அதுபாட்டுக்கு வருது. உள்ள பாத்தா ஒண்ணுமில்ல. துக்கமும் இல்ல, சொகமும் இல்ல, காலி டேங்கு.

முதுகுல இலை குத்துது. மரத்து இலையில்ல, பிளாஸ்டிக்கு மாவிலை, கல்யாண மண்டபத்து வாசல்ல தொங்க உடுவாங்களே, அது. இந்தக் காலேஜுப் புள்ளைகளே உக்காந்து கோத்துக் கோத்துப் பாவாடையாட்டம் தச்சு வச்சிருந்துச்சுங்க. நஞ்சன் பேண்ட்டு போட்டு, சட்டைய உள்ள உட்டு பெல்ட்டு கட்டிக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்குனான். ‘அண்ணா, டிரஸ் மாத்திக்கறீங்களா’ன்னு ஒரு புள்ள இலையும் கையுமா நின்னுச்சு. ‘மாத்திக்கறன் கண்ணு, உங்கப்பனுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பு, ஆபீசுக்குக் கட்டிட்டுப் போகட்டும்’னு சொல்லிப்போட்டு சட்டையக் கழட்டிட்டு பேண்ட்டு மேலயே கட்டிக்கிட்டான். இப்ப படுத்தா ஒவ்வொரு காம்பும் இடுப்புல எறங்குது. எறங்கட்டும். வேற ஆரோட இடுப்போ மாதிரி இருக்குது. ரங்கி போனதுல இருந்து இப்பிடித்தான். அன்னைக்கு ஒருநா சுடுதண்ணியக் கைல ஊத்திக்கிட்டான், கொப்புளத்தப் பாத்த பொறவுதான் சுட்டிருக்குதுன்னே தெரிஞ்சுது. கொப்புளத்தப் பாத்தும் ‘ஏண்டா, போண்டா மாதிரி உப்பிருக்கற’ன்னு அதுகிட்டப் பேசுனான். இவன் சிரிச்சுக்கிட்டுத் திரியறதப் பாத்துட்டு, கல்லு மனசுக்காரன்ங்கறாங்க பதிக்காரங்க. கல்லுகூட வெயில்ல கெடந்தாச் சுடும்.

ரங்கி அவன் சம்சாரம். ஆடி மழைல டவுன் ஆஸ்பத்திரில போயிட்டா, மஞ்சக்காமால முத்திப்போயி. பொணத்தக் கொண்டு வரப்பப் பாதி வழில வண்டி சேத்துல சிக்கிக்கிச்சு, தோள்லதான் தூக்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு அவளுக்குக் கொட்டு அடிக்கல. அதுதான் இப்ப எல்லாக் கோளாறுக்கும் காரணம். ஊஞ்சப்பதில ஒரு மொற இருக்குது. செத்தவங்களுக்குச் சாவுக் கொட்டு அடிச்சு, சுத்தி ஆடி அனுப்போணும். அனுப்புனாத்தான் கெளம்புவாங்க, இல்லாட்டி வூட்டச் சுத்தியேதான் நிப்பாங்க. பொண்டாட்டி போனாப் புருசன், புருசன் போனாப் பொண்டாட்டி, ‘அடிங்க’ன்னு வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லாம ஒருத்தரும் கொட்டுல கை வெக்க மாட்டாங்க. ரங்கிக்கு அண்ணன் மருதன், நஞ்சனுக்கு மச்சான். கொட்டடிக்கறதுல அவன மிஞ்ச ஆளில்ல, அவனாட்டப் பேசாத ஆளும் இல்ல. கேட்டாத் தலைய ஆட்டுவான், ரொம்பக் கேட்டா ரெண்டு தடவ ஆட்டுவான். அவன் அன்னைக்கு மழைல தார்ப்பாய்க்கு அடியில, நெருப்புல காட்டி முறுக்கேத்துன கொட்ட நெஞ்சோட அணச்சுக்கிட்டு, நஞ்சன் வாயையே பாத்துக்கிட்டு நின்னான். நஞ்சன் வாயத் தொறந்தான். ‘உடுங்கப்பா, அவளுக்குச் சத்தம்னாலே ஆகாது, நான் கொறட்ட உட்டாவே ஒதைப்பா.’ நாலு பேரு சிரிச்சுட்டாங்க, குழி மேட்டுல நின்னுக்கிட்டு. பொறவு மழ நிக்கட்டும்னான், சாமை அறுப்பு முடியட்டும்னான், பொறவு எதுவும் சொல்லாமயே உட்டுட்டான். ஒரு சாவுக் கொட்டு பாக்கி கெடந்தா பதிக்குள்ள கல்யாணக் கொட்டு ஏறாது. மருதனோட மக கல்யாணம் அதுனால அப்பிடியே நிக்குது, மாப்ள வூட்டுக்காரங்க ரெண்டு தடவ வந்து மோரு குடிச்சுட்டுப் போயிட்டாங்க. மருதன் ஒரு வார்த்த கேக்கல. பொழுதோட வருவான், வாசல்ல குந்துவான், ஒரு பீடி குடிப்பான், போயிருவான். கேட்டாக்கூட நாலு நக்கல் அடிச்சுத் தள்ளி உட்ரலாம். கேக்காதவன என்ன பண்றது.

ஆனா ‘அடிங்க’ன்னு சொன்னா அவ போயிருவாளே. அத ஆருகிட்டச் சொல்ல. சோறு திங்கறப்ப அவ தட்டயும் எடுத்து வெப்பான். ‘உப்பு எப்பிடி இருக்குது புள்ள’ம்பான். அவ குரல்லயே பதிலும் சொல்லிக்குவான், ‘உன்ற மூஞ்சியாட்டமே இருக்குது, சப்புன்னு.’ குரல் புடிக்கறதுல நஞ்சன் பெரிய ஆளுங்க. ரேஞ்சர் மாதிரிப் பேசுவான், பஸ் கண்டக்டர் மாதிரிப் பேசுவான், யான குட்டியத் தேடறப்பக் கத்தறதக் கத்துவான், நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில ஓடிரும். காலைல பிரின்சிபால் பேசுனாரே, ‘நமது தொன்மையான, தொன்மையிலும் தொன்மையான’னு அவரு இழுத்த இழுப்ப அப்பவே மனசுல மடிச்சு வச்சாச்சு, பஸ்ஸுல அவுத்து உடலாம், எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு வகுத்தப் புடிச்சுக்குவாங்க. ஆனா ரங்கி குரல் மட்டும் இப்பக் கொஞ்ச நாளா வழுக்குது. ‘உன்ற மூஞ்சியாட்டமே’ வரைக்கும் அவளாட்டம் வருது, ‘சப்புன்னு’ங்கறப்ப பதிக்கே பெரிய கெழவி மசணி அத்த மாதிரி வந்துருது. திலும்பப் புடிக்கறான், திலும்ப வழுக்குது. முந்தாநா தட்டு முன்னால குந்திக்கிட்டு அந்த ஒரு வார்த்தையவே சொல்லிச் சொல்லிப் பாத்தான், சப்புன்னு, சப்புன்னு, சப்புன்னு, கடைசில அது ஆரு குரலாவும் இல்ல. பயம் அதுதான். அவள அனுப்பாம வச்சிருக்கறோம்னு நெனச்சுக்கிட்டிருக்கறப்பவே அவபாட்டுக்குக் கொஞ்சங் கொஞ்சமா நழுவிட்டு இருக்கறாளோ. பயம்னு சொல்றதுக்குத்தான். பயமும் கொப்புளமாட்டம்தான், பாத்தாத் தெரியுது, தொட்டா ஒண்ணும் தெரியல.

கண்ணு பாதி மூடியிருக்குது. பொணம் முழுசாவும் மூடக்கூடாது, தொறக்கவும் கூடாது. லைட்டு சிமிட்டுது. போன வருசம் இதே மேடைல கல்யாண ஆட்டம் ஆடுனாங்க. இந்த வருசம் மேடம், ‘உங்க சாவுச் சடங்கு ஆட்டம் ரொம்ப வீரியமா இருக்கும்னு சொல்றாங்க, அதப் பிள்ளைங்க பாக்கட்டுமே’ன்னாங்க. பதிக்காரங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. நஞ்சன்தான் குதிச்சான், ‘அதுக்கென்னுங் மேடம், நானே பொணம், படுத்தாப் போதும், இந்த மாதிரி சோலி கெவுருமெண்டுல குடுத்தா சாவற வரைக்கும் பாப்பேன்.’ மருதன் தலைய ஒருதடவ ஆட்டுனான். சாவு ஆட்டத்த மேடைக்குக் கொண்டு வரதுக்குன்னு பதில ஒரு திருட்டு வழி இருக்குது. ஆரும் ஆருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல, எல்லாருக்கும் தெரியும். ஆள வடக்க தல வச்சுப் படுக்க வெப்பாங்க, நெசத்துக்குத் தெக்க வெக்கோணும். கால் கட்டைவெரலக் கட்ட மாட்டாங்க. தல மாட்டுல சாமை வெக்க மாட்டாங்க. கொட்டும் சாவுக் கொட்டில்ல, நோம்பிக்குக் கும்மியடிக்கற கொட்டையே கொஞ்சம் மெதுவா இழுத்து அடிச்சு உடுவாங்க. கீழ இருக்கறவங்களுக்கு எல்லாக் கொட்டும் ஒரே கொட்டுத்தான, கை தட்டிருவாங்க. மொறையாப் படுக்க வச்ச தலைக்கு முன்னால பொய்க் கொட்டு அடிச்சா அந்தத் தலையே போயிரும்னு ஒரு பயம், அதுக்குத்தான் இத்தன பந்தோபஸ்து.

இன்னைக்கும் அப்பிடித்தான் படுத்தான். படுத்து, வாயத் தொறந்து, நாக்கக் கொஞ்சம் வெளிய உட்டு, முன் வருசைல ஒரு புள்ள ‘அய்யய்ய’ங்கற அளவுக்குப் பொணமா ஆயிட்டான். அப்பத்தான் போட்டோக்காரரு மேடம் காதுல என்னமோ சொன்னாரு. ‘அண்ணா, முகத்துல நிழல் விழுதாம், கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிப் படுக்கறீங்களா?’ ‘எந்தப் பக்கமுங் மேடம், சொல்லுங்க, பொணத்துக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன’ன்னு பாயில குண்டியத் தேச்சுத் தேச்சு ஒரு சுத்து சுத்துனான், தோசக்கல்லுல தோச திரும்பறாப்ல. சனம் சிரிச்சுது. தல இருந்த பக்கம் காலு, காலு இருந்த பக்கம் தல. பதியா இருந்தா மலையப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும் தெக்கு எது வடக்கு எதுன்னு. இங்க நாலு பக்கமும் செவுரு, ஏசி, சன்னலுக்கெல்லாம் நீலத் துணி. தெச செத்துப் போன எடம். கொட்டு எறங்குச்சு. கும்மிக் கொட்டுத்தான். தித்திக்கு தித்திக்குன்னு வருது, குழல் மேல ஏறுது, கால் சத்தம் சுத்துது. மத்த ஊரு மேடைல பொணமாப் படுக்கறப்ப நஞ்சன் எப்பவும் ஒண்ணு பண்ணுவான். ஆட்டம் சூடு புடிச்சு எல்லாரும் வாயப் பொளந்து பாக்கறப்ப பொணம் மூக்கச் சொறியும், இல்லாட்டித் தும்மும். மேட குலுங்கும். கலெக்டரே ஒருதடவ கண்ணத் தொடச்சாரு. எப்ப தும்மலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டுக் கெடக்கறான். எடது காலு மரத்துப் போச்சு. ரங்கி மரத்த கால எச்சி தொட்டு நீவி உடுவா, ‘வெக்கங்கெட்டவனே, உனக்குக் காலுமா தூங்குது’ம்பா. அந்தக் குரல் இப்ப எப்பிடி வந்துச்சு? வந்துச்சா, இல்ல வந்த மாதிரி இருந்துச்சா. புடிக்கப் பாத்தான். கும்மிக் கொட்டுல காணாமப் போச்சு.

அந்த நேரம் பாத்து ஆரோ மேடைக்குப் பக்கத்துக் கதவத் தொறந்தாங்க. டீ கொண்டு வந்தாங்களோ என்னமோ. மத்தியான வெயிலு சாஞ்சு வந்து நஞ்சனோட எடது கன்னத்துல உழுந்துச்சு. சாயற வெயிலு எடது கன்னத்துல உழுந்தா அந்தப் பக்கம் மேக்க. அந்தப் பக்கம் மேக்கன்னா தல இருக்கறது தெக்க. நஞ்சனுக்குத் தெரிஞ்சுது, ஆனா சோம்பலாத் தெரிஞ்சுது, அடுத்த ஊர்ல மழைன்னு கேக்கறாப்ல. மசணி அத்தைக்கும் தெரிஞ்சுது. அத்த ஆடிக்கிட்டே வந்தவ, வெயிலப் பாத்தா, தலையப் பாத்தா, பொறவு அவ கை அவளக் கேக்கல. பதில ஆரு போனாலும் கால் கட்டறது அவதான், எத்தனையோ கால் கட்டுன கை. சீல முந்தியில ஒரு நூலு உருவுனா, குனிஞ்சா, நஞ்சனோட ரெண்டு கட்டைவெரலயும் சேத்து ஒரு முடிச்சு போட்டா. ஓரத்துல காச்சிக்கு வச்சிருந்த தட்டுல, தொடாதீர்கள்னு எழுதியிருந்த தட்டுலதான், ஒரு புடி சாமைய அள்ளிட்டு வந்து தல மாட்டுல வச்சா. வச்ச பொறவுதான் அவளுக்கே தெரிஞ்சுது என்ன பண்ணிட்டோம்னு. அப்பிடியே குனிஞ்ச வாக்குல நின்னுட்டா. ‘மருதா’ன்னா. அவ்வளவுதான். ஆடுன காலெல்லாம் நின்னுச்சு. கும்மிக் கொட்டு ஒரு அடி, ரெண்டு அடி தடுமாறி நின்னுச்சு. கீழ சனத்துக்கு இதுவும் ஆட்டம்தான், போன் எல்லாம் ஒசந்துச்சு.

தல தெக்க, காலு கட்டு, சாமை வச்சாச்சு. இனிப் பொய்க் கொட்டு அடிச்சா நஞ்சன் தல போயிரும். அடிக்காம எறங்குனா மேடம் மூஞ்சில எப்பிடி முழிக்கறது. நெசக் கொட்டு அடிக்கோணும்னா நெசமாச் செத்தது ஒண்ணு வேணும், பேரு வேணும். ஊஞ்சப்பதில கொட்டு பாக்கி இருக்கற பேரு ஒண்ணே ஒண்ணுதான். பாதிக் கண்ணுல நஞ்சன் மருதனப் பாத்தான். மருதன் நஞ்சனப் பாக்கல. சாமையப் பாத்தான். கொட்டு வாரக் கழுத்துல சரி பண்ணிக்கிட்டான், தோல உள்ளங்கையால ஒருதடவ தடவுனான். பொறவு அடிச்சான். தும். தும். தகதும். ஒரு எடம் சும்மா. தும். தும். தகதும். ஒரு எடம் சும்மா. சாவுக் கொட்டுல நாலாவது அடி உழாது. அது செத்தவங்களோட அடி, அவங்க எடுத்து வெக்கற எட்டு, அதுல உசுரோட இருக்கறவங்க ஆரும் கால் பதிக்கக் கூடாது. எல்லாரும் அந்த எடத்துல கால அந்தரத்துல தூக்கிக்கிட்டு நின்னாங்க. பொறவு வச்சாங்க. ஏசிச் சத்தம் மட்டும் கேக்குது அந்த எடத்துல.

இப்ப தும்மு, இப்பத் தும்முனா எல்லாம் சிரிப்பாயிரும், ஒரே ஒரு தும்மல், ஹச்சுன்னு, போதும், சனம் சிரிச்சா கொட்டு கலஞ்சிரும், கொட்டு கலஞ்சா அவ போக மாட்டா, வூட்டுக்குப் போனாத் தட்டு இருக்கும், உப்பு எப்பிடி இருக்குதுன்னு கேக்கலாம், தும்முடா. மூக்கு நோவுற மாதிரி மூச்ச இழுத்தான். தும்மல் வரல. வாழ்நாள்ல வேணும்னப்ப வந்த தும்மல். கழுத தும்மற மாதிரி வேணுமா, வாத்தியாரு தும்மற மாதிரி வேணுமான்னு கேட்டுத் தும்மற ஆளுங்க. தும். தும். தகதும். சும்மா. அந்தச் சும்மா இருக்கற எடத்துல ஒரு எட்டு போவுது. ஆரும் வெக்காத எட்டு. தல மாட்டுல இருந்து ஆரம்பிச்சு பாயோரமா, சாமையத் தாண்டி. நஞ்சனுக்குக் கேக்குதா, கேக்கல. கேக்காததக் கேட்டுக்கிட்டுக் கெடந்தான். ஆஸ்பத்திரிலயும் இப்பிடித்தான் கடைசில, அவ ரெண்டு மூச்சுக்கு நடுவுல இருந்த எடம் நீண்டுக்கிட்டே போச்சு, இவன் நர்ஸு மாதிரிப் பேசிக் காட்டிக்கிட்டு இருந்தான், ‘ஏம்மா ரங்கி, மாத்திர போட்டியா, ஓட்டு போட்டியா’ன்னு, அவ உதடு ஒருபக்கமாக் கோணுச்சு, சிரிச்சாளா நோவா தெரியல, பொறவு அந்த எடம் முடியவே இல்ல. இவன் அப்பயும் நர்ஸு குரல்லயே இன்னொரு வார்த்த பேசி முடிச்சான். தும். தும். தகதும். எந்திரிக்கலாம். கால் கட்டுன பொணம் எந்திரிச்சா எல்லாம் முறிஞ்சிரும். கை ஊனுனாப் போதும். கை எங்க இருக்குதுன்னு தேடுனான். கை இருந்துச்சு, பக்கத்துல, ஆரோ வச்சுட்டு மறந்துட்டுப் போன சாமானாட்டம். அது எந்திரிக்கல. நஞ்சனும் எந்திரிக்கச் சொல்லல. எடது காலுல மட்டும் கட்டைவெரல்ல இருந்து மேல மேல ஊசி குத்த ஆரம்பிச்சுது, மரத்தது விடறப்பக் குத்துமே, அந்தக் குத்து. வலிக்குது. ஆமா, வலிக்குது. குத்தட்டும்னு கெடந்தான். எட்டு பாய் முடியற எடத்துக்குப் போச்சு, கதவுப் பக்கம் வெயில் இருந்த எடத்துக்குப் போச்சு, பொறவு கொட்டுல அந்தச் சும்மா இருந்த எடத்துலயும் மருதன் அடி உழுந்துச்சு. நாலும் நெறஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஆளு போயாச்சு.

கீழ ஒசந்த போனெல்லாம் எறங்குச்சு. பொறவு ஒரே தட்டா தட்டுனாங்க, விசிலு வேற. மேடம் மைக்கோட ஓடி வந்தாங்க, கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, என்னன்னு அவங்களுக்கே தெரியல. ‘ரொம்ப நன்றி, என்ன சொல்றதுன்னே தெரியல... அண்ணா, நீங்க எந்திரிக்கலாம்’னாங்க. நஞ்சன் எந்திரிச்சு உக்காந்தான். மசணி அத்த கால் நூல அவுத்துக்கிட்டே, ‘கோவிச்சுக்காத சாமி, கை போயிருச்சு’ன்னா. நஞ்சன் பிரின்சிபால் குரல்ல ஒரு பதில் சொல்லலாம்னு வாயத் தொறந்தான். ஆரு குரலும் வரல. அவன் குரல்தான் வந்துச்சு, தூசி புடிச்சாப்ல. ‘மச்சான். நான் அடிங்கன்னு சொல்லவே இல்லியே.’ மேடம் கைல இருந்த மைக்குல அது உழுந்து ஆடிட்டோரியம் பூராக் கேட்டுச்சு. மருதன் கழுத்துல இருந்து கொட்டக் கழட்டித் தரைல வச்சுக்கிட்டு இருந்தான். ‘என்ன ஒரு வார்த்த கேட்டியா மச்சான்? மொறன்னு ஒண்ணு இருக்குதில்ல. ஆரக் கேட்டு அடிச்ச?’ மருதன் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சான், நஞ்சன் இடுப்புல ஒட்டிக்கிட்டிருந்த பிளாஸ்டிக்கு இலைல ஒண்ணப் பிச்சுப் போட்டான், பொறவு மொதல் தடவையா அவன நேராப் பாத்தான்.

‘மழைலருந்து உன்ற வாயப் பாத்துட்டு நின்னவன் நானு மாப்ளே. பொணத்தக் கேட்டு எவன் கொட்டடிப்பான்?’